தராசில் ஏறாத சன்ஸ்கிரீன்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில், வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் டியூப் ஒன்று நிற்கும். அம்மாவுடையது. மகள் பகுதிநேர வேலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் பாட்டிக்குத் தீபாவளிப் பரிசாகக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். விலையையும் சொல்லிவிட்டாள்: 25 வெள்ளி (டாலர்). அந்த நிமிடமே அது நகைகளோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டிய பொருளாகிவிட்டது. சூட்டில் கிடந்தால் கிரீம் கெட்டுப்போகும் என்று மகள் வேறு சொல்லிவைக்க, நேராக ஃபிரிட்ஜுக்குப் போனது.

பொங்கல் முடிந்தது, சீனப் புத்தாண்டும் போனது, டியூப் மட்டும் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதை எடுத்துக் காட்டுவார். "தினமும் போடறேன். இன்னும் எவ்வளவு இருக்குன்னு பாருங்க." சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

தினமும் போடுகிறார் என்பது உண்மைதான். எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஈரச் சந்தைக்குக் கிளம்பும் முன் முதலில் முகத்துக்குப் பவுடர். அப்புறம் பொட்டு. அதற்கும் மேலேதான் சன்ஸ்கிரீன். காது குத்தப் போகும் குழந்தைக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி நெற்றியில் ஒரு புள்ளி, கன்னத்துக்கு ஒவ்வொன்று, முகவாயில் ஒன்று. பொட்டில் படாமல் வளைந்து வளைந்து தடவுவார். கழுத்துக்குக் கிடையாது. கழுத்தில் சங்கிலி இருக்கிறது, கறுத்துவிடுமாம். சந்தையில் இருந்து அப்படியே சமூக மன்றத்தில் உடற்பயிற்சி, அங்கிருந்து கோப்பிக் கடை, வீடு திரும்பப் பதினொன்றரை ஆகும். அந்த நாலைந்து புள்ளிகள்தான் அவ்வளவு நேரமும் காவல்.

மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதியியல் சார்ந்த ஏதோ படிக்கிறாள். எதையும் அளந்து பார்க்கிற வியாதி அங்கே தொற்றியதுதான். ஒரு சனிக்கிழமை, கேக் செய்ய நான் வைத்திருக்கும் மின்தராசை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அதன்மேல் ஒரு சட்னிக் கிண்ணம்.

"பாட்டி, நீங்க தினமும் போடற அளவை இதுல வைங்க."

அம்மா வைத்தார். தராசு 0 என்றது. பேத்தி பார்க்கிறாளே என்று கொஞ்சம் தாராளமாக இன்னொரு புள்ளி. அப்போதும் 0.

"உன் தராசுக்குத்தான் கண்ணு தெரியல" என்றார் அம்மா.

மகள் பதில் பேசாமல் டியூபை வாங்கினாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு இழுத்தாள். கிண்ணத்தில் வழித்துப் போட்டாள். தராசு 1 கிராம் என்றது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இது யாருக்கு? கல்யாணக் கூட்டத்துக்கா?"

"உங்க ஒரு முகத்துக்கும் கழுத்துக்கும்."

அதன்பிறகு பாடம் நடந்தது. டியூபில் போட்டிருக்கும், வெயில் காப்பைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். 50 என்ற எண்ணை ஆய்வகத்தில் அளக்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் கிரீம் பூசித்தான் அளக்கிறார்கள். அந்தக் கனத்துக்குப் பூசினால் தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் கதிரில் 98 சதவீதம் தடுக்கப்படும். எஸ்.பி.எஃப். 30 என்றாலும் 97 சதவீதம். ஆக, எண்ணைப் பார்த்துப் பார்த்து வாங்குவதைவிட எவ்வளவு பூசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உலகம் முழுக்கவே மக்கள் அதில் பாதி, சில பேர் கால்வாசிதான் பூசுகிறார்கள். அம்மா அந்தக் கால்வாசிக்கும் கீழே தனிக்கட்சி. பூசும் வரிசையும் தப்பு: முகம் கழுவி, ஈரப்பத கிரீம் போடுகிறவர்கள் அதைப் போட்டு, அதன்மேல் சன்ஸ்கிரீன். பவுடரும் பொட்டும் கடைசியில். வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்னாலேயே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

"அப்புறம் இங்க பாருங்க, பி.ஏ. நாலு பிளஸ். இது ஜப்பான்காரங்க முறை. எஸ்.பி.எஃப். சுடற கதிருக்கு, இது கறுக்கவைக்கற கதிருக்கு."

"கிரீமே பி.ஏ. வாங்கிடுச்சு. உங்க தாத்தா பத்தாவதோட சரி" என்று அம்மா பேச்சை மாற்றப் பார்த்தார்.

அவருக்கு உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 50 மில்லி டியூப். வேளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. தினமும் ஒரு முறை பூசினால் இரண்டு மாதம்கூட வராது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும் என்கிறாள் பேத்தி. அப்படியென்றால் ஒரு மாதம்கூடத் தாங்காது. "மாசம் 25 வெள்ளியா? அந்தக் காசுக்குத் தேக்கா சந்தையில் வஞ்சிரம் வாங்கி வறுத்துச் சாப்பிட்டால் உள்ளேயிருந்தே பளபளப்பு வரும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெளியே சொல்லவில்லை.

ஆனால் மகள் விடவில்லை. அம்மாவின் கன்னங்களில் மங்கு, அதாவது கருந்திட்டு, இருக்கிறது. அவள் டியூப் வாங்கியதே அதற்காகத்தான். திங்கட்கிழமை காலை பக்கத்தில் நின்று இரண்டு விரல் அளவையும் பூசவைத்தாள். இங்கே ஒரு சிக்கல். அந்தக் கிரீம் துத்தநாக ஆக்சைடு சேர்ந்தது. புள்ளி புள்ளியாய் வைத்த வரைக்கும் தெரியாத வெள்ளை, முழு அளவு போட்டதும் நம் நிறத்தின்மேல் அப்பட்டமாக எழுந்து நின்றது. கழுத்துக்குக் கீழே எங்கள் அம்மா, மேலே யாரோ.

மின்தூக்கியில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர், இருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பெடாக் செஜுக்கா?" என்றார். அந்தக் காலத்தில் மலாய்ப் பெண்கள் அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, சிறு சிறு வில்லைகளாகக் காயவைத்து, தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசுவார்களே, அதே குளிர்ச்சி மாவு. மாக்சிக்கின் பாட்டி கம்பத்தில் (கிராமத்தில்) செய்வாராம். பன்னிரண்டாம் மாடியில் தொடங்கிய பேச்சு கீழ்த்தளத்துக்கு வந்தும் முடியவில்லை. அம்மா மலாயில் பொளந்து கட்டுவார். சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவரிடம் புதுத் திட்டம் இருந்தது. பச்சரிசி கிலோ எவ்வளவு, அந்த டியூப் எவ்வளவு?

அரிசி மாவு முகத்துக்குக் குளிர்ச்சி தரலாம், 50 என்று எண் போட்ட கிரீமின் வேலையைச் செய்யாது என்று புரியவைப்பதற்குள் மகளுக்குத் தேர்வுக்குப் படிக்கவே நேரமில்லாமல் போயிற்று. கடைசியில் அவளைக் காப்பாற்றியது அறிவியல் இல்லை, அம்மாவின் சிக்கனம்தான். "பாட்டி, அளவுக்குக் குறைவாப் போட்டா போட்டிருக்கற எண் கிடைக்காது. நீங்க 50-க்குக் காசு குடுத்துட்டு அஞ்சோ பத்தோதான் வாங்கறீங்க" என்றாள் ஒருநாள். அம்மா தோசையைத் திருப்பாமல் நின்றுவிட்டார். இத்தனை மாதமாகக் கடைக்காரரிடம் ஏமாந்தவர் முகம்.

மறுநாள் முதல் இரண்டு விரல் கோடு ஒரு இழை குறையவில்லை. டியூப் தீர்ந்ததும் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததை வழித்து, துணிக் கிளிப் போட்டு மூடி வைத்துத் தீர்த்தார். அடுத்ததாக மகள் மண்நிறம் சேர்ந்த கிரீமாகப் பார்த்து வாங்கினாள். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும், மங்கு உள்ளவர்களுக்கு அது கூடுதல் நல்லது, வெள்ளை பூத்த முகமும் இருக்காது. விலை அதே 25 வெள்ளி.

இப்போது வீட்டில் கண்காணிப்பாளர் மாறிவிட்டார். முதலில் மாட்டியது என் கணவர். வேலைக்காக நாள் முழுக்க வேன் ஓட்டுகிறவர். அவருடைய வலது கை இடது கையைவிட ஒரு படி கறுப்பு. "உழைக்கிற கை, அதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியின் பக்கத்து ஜன்னல் கண்ணாடி சுடும் கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், கறுக்கவைக்கும் கதிரைத் தாராளமாக உள்ளே விடும். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலது பக்கம் என்று மகள் விளக்கினாள். "அப்போ உழைப்பு இல்லையா?" என்று அம்மா மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்ட தொனி எனக்கே பாவமாக இருந்தது.

மார்ச் பள்ளி விடுமுறையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கடலோர ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடினோம். வானம் மூட்டமாக இருந்தது. அம்மா டியூபோடு வரிசையாக எல்லோரையும் பிடித்துக்கொண்டு வந்தார். மாமாவிடம் வந்ததும் வண்டி நின்றது. அம்மாவின் தம்பி, அறுபதைக் கடந்தவர், தலையில் முடி என்று பெரிதாக எதுவும் இல்லை.

"அக்கா, வெயிலே இல்ல. எதுக்கு இது?"

மகள் கைப்பேசியில் தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிடும் புற ஊதாக் கதிர்க் குறியீட்டைக் காட்டினாள். ஒன்பது. எட்டிலிருந்தே 'மிக அதிகம்' என்ற வகை. மெல்லிய மேகம் சூட்டைக் குறைக்கும், அந்தக் கதிரைப் பெரிதாக நிறுத்தாது.

"நம்ம தோலுக்கு இதெல்லாம் வேணாம்மா. கறுப்பே காப்பு."

அதில் கொஞ்சம் உண்மை உண்டு. நம் நிறமே ஓரளவு தடுக்கும், தோல் புற்றுநோயும் வெள்ளையர்களைவிட நமக்கு மிகவும் குறைவு. ஆனால் அந்த ஓரளவு, சரியாகப் பூசிய ஒரு கிரீமுக்குப் பக்கத்தில் வராது. மங்கும் கரும்புள்ளியும் நம் மாதிரித் தோலில்தான் சீக்கிரம் வரும், போவதற்கும் நாளாகும்.

மாமா கடைசி ஆயுதத்தை எடுத்தார். "மணி ஒண்ணாகப் போகுது. உச்சி வெயில் பன்னிரண்டோட முடிஞ்சது. இனி இறங்குவெயில்."

"தாத்தா, 1981 டிசம்பர் 31 ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள் மகள்.

இது மாமாவுக்குப் பிடித்த கதை. தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், முகாம் காவலில் நின்றுகொண்டிருந்தார். மலேசியாவோடு சேர்ந்து நம் கடிகாரத்தையும் அரை மணி முன்னே தள்ளினார்கள். பதினொன்றரை அடித்தது, உடனே பன்னிரண்டு, 1982 பிறந்துவிட்டது. அரை மணி நேரக் காவல் மிச்சம். குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம், ஆனாலும் முழுதாகச் சொன்னார்.

"அதாவது கடிகாரம்தான் முன்னே போச்சு, சூரியன் போகல" என்றாள் மகள். "நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர்றது ஒரு மணி வாக்குலதான். இந்த மாசம் ஒண்ணு பத்து ஆகும். இன்னும் உச்சியே வரல தாத்தா."

சொந்த வாயால் மாட்டிக்கொண்ட மாமா முகத்தை நீட்டினார். அம்மா இரண்டு விரல் கோடு இழுத்தார், பூசினார், அப்புறம் கையை நீட்டினார்.

"ஐம்பது காசு."

"என்னது?"

"25 வெள்ளிக்கு ஐம்பது வேளை. கணக்கு சரிதானே? நான் யாருக்கும் ஓசியில பூசறதில்ல." என் கணவர் ஏற்கனவே கொடுத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மாமா பையைத் தடவினார். சில்லறை இல்லை. அம்மா அவர் தலையை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அது முகத்தைவிடப் பெரிய பரப்பு. இன்னும் இரண்டு கோடு. "மொத்தம் ஒரு வெள்ளி. காதுக்குப் பின்னாடி இலவசம்." மாமா கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் வழியாக என் எண்ணுக்கு ஒரு வெள்ளி அனுப்பினார். குறிப்பில் 'தலைக்கு' என்று எழுதியிருந்தார்.

கடலில் இறங்கப் போனபோது ஒரு தகராறு. டியூபில் 80 நிமிடம் தண்ணீர் தாங்கும் என்று போட்டிருந்தது, துண்டால் துடைத்தால் போய்விடும் என்றும் போட்டிருந்தது. "துடைக்காதே, தானாகக் காயட்டும்" என்று அம்மா கரையில் நின்று கத்தினார். மாமா ஈரத்தோடு நடந்து எங்கோ மறைந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து, மறுபடி பூசச் சொல்லி அம்மாவின் கைப்பேசி அலறியது. எல்லோரும் வந்தார்கள், மாமாவைத் தவிர. லகூன் உணவங்காடி நிலையத்தில், குச்சியில் சுட்ட இறைச்சியான சாத்தே வாங்கும் நீளமான வரிசையின் முன்பகுதியில் நின்றிருந்தார். அம்மா டியூபைத் திறந்துகொண்டே நேராக அவரிடம் போனார். பின்னால் நின்ற சீனப் பெரியவர் வரிசையில் புகுகிறார் என்று நினைத்து அதட்டினார். அம்மா திரும்பி, மாமாவின் தலையில் ஒரு கை இருக்க, பாசார் மலாயில் (சந்தைப் பேச்சு மலாயில்) பொறுமையாகச் சொன்னார்: "நான் வாங்க வரல, பூச வந்தேன்."