செய்முறைத் தேர்வில் என்னைக் கவிழ்த்த டைனமிக் ஈக்யூ

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் கோவைக்கு பஸ் ஏறிப் போய்தான் சவுண்ட் இன்ஜினியரிங் படித்தேன். செய்முறைத் தேர்வுக்கு, வீட்டில் அக்காவைப் பாடவைத்துப் பதிந்த கும்மிப்பாட்டு. மேலே ஏறும்போது குரல் காதைக் குத்தியது. ஈக்யூவில் (ஒலியின் அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) 3 கிலோஹெர்ட்ஸில் 5 டெசிபல் வெட்டிவிட்டுத் தைரியமாகப் போனேன்.

தேர்வாளர் கேட்டுவிட்டு, "மேல போறப்ப சரிப்பா. மெதுவாப் பாடுற இடம் என்ன பண்ணுச்சு, அங்கயும் எதுக்கு வெட்டின?" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. மெதுவான வரிகளெல்லாம் கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டன.

சாதாரண ஈக்யூ வெட்டினால் வெட்டினதுதான், பாட்டு முழுக்க. டைனமிக் ஈக்யூ, அந்த அதிர்வெண்ணின் சத்தம் த்ரெஷோல்டை (நாம் வைக்கும் எல்லை) தாண்டும்போது மட்டும் வெட்டும், இறங்கியதும் விட்டுவிடும். "மல்டிபேண்ட் கம்ப்ரஸரும் அதானே செய்யுது?" என்று வைவாவில் மடக்குவார்கள். அது கிராஸ்ஓவர் என்ற வடிகட்டிகளை வைத்து ஒலியை அதிர்வெண்வாரியாகத் துண்டு போட்டு, தனித்தனியே அமுக்கித் திரும்பச் சேர்ப்பது. இதில் ஈக்யூவின் ஒரு வளைவுதான் ஏறி இறங்குகிறது. க்யூவை (வளைவின் கூர்மை) கூட்டினால் மிகக் குறுகிய அதிர்வெண் பகுதியை மட்டும் பிடிக்கலாம்.

மறுதேர்வுக்கு டிடிஆர் நோவா என்ற டைனமிக் ஈக்யூ மென்பொருளின் இலவசப் பதிப்பில் பழகினேன். உரக்கப் பாடும் ஒரே வரியை லூப்பில் போட்டு, 3 டெசிபல் குறையும்வரை த்ரெஷோல்டை இறக்கினேன். அப்புறம் மெதுவான வரி. அங்கே வளைவு அசையவே கூடாது. அசைந்தால் த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அட்டாக்கை (எல்லை தாண்டியதும் வெட்டு தொடங்கும் வேகம்) ரொம்ப வேகமாக வைத்தால் 'க', 'ட' எழுத்துகளின் கூர்மை மழுங்கும்; 10 மில்லி செகண்டில் தொடங்கி, காதை நம்புங்கள்.

அக்காவுக்குக் கைதட்டிக்கொண்டே மைக்கை நோக்கிச் சாய்கிற பழக்கம். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் மைக் ஆயிற்றே, கிட்டே வந்தால் 150 ஹெர்ட்ஸ் பக்கம் குரல் கும்மென்று வீங்கும். அங்கேயும் டைனமிக் ஈக்யூவின் ஒரு வளைவு போட்டேன். முதலில் ரிலீஸை (சத்தம் இறங்கியதும் வெட்டை விட எடுக்கும் நேரம்) 5 மில்லி செகண்ட் வைத்ததில் குரல் கரகரத்தது. 150 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடியவே ஏறக்குறைய 7 மில்லி செகண்ட் ஆகும். ஒவ்வோர் அலைக்குள்ளும் வளைவு ஏறி இறங்கினால் குரல் சிதையாமல் என்ன செய்யும்? ரிலீஸை 120 மில்லி செகண்டுக்கு மாற்றியதும் அடங்கியது.

ஆர்வத்தில் எங்கள் ஓட்டு வீட்டு அறையின் 400 ஹெர்ட்ஸ் எதிரொலிப்புக்கும் இதையே போட்டேன். வீண் வேலை. அது பாட்டு முழுக்க இருக்கிற கோளாறு. அதற்குப் பழைய ஈக்யூவே போதும்.