2026 அக்டோபர் வரைக்கும் ஓடும்லா

காலையில் எழுந்ததும் தங்கம் என்ன விலை, தக்காளி என்ன விலை என்று பார்ப்பது எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் இப்போது கம்ப்யூட்டருக்குள் போடும் மெமரி, அதுதான் ரேம், என்ன விலை என்றும் பார்க்கிறோம். பார்ப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்க அப்பாவேதான். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேரனைக் கூப்பிடுவார். "எய்யா, இன்னைக்கு ஏறிருக்கா, எறங்கிருக்கா?" ஏறியிருக்கு என்று சொன்னால் போதும், அப்படி ஒரு திருப்தி அந்த முகத்தில். ரெண்டாவது காபி கேட்பார்.

பையனை இன்ஜினியரிங்கில் சேர்த்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்று 2025-இல் எங்கள் திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்தன்று முடிவு செய்தோம். ரதவீதிக் கூட்டத்தில் நான் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு ஜங்ஷன் வரை நடந்து வந்த அன்றைக்குத்தான். மறுநாளே போய் வாங்கியிருந்தால் கதை முடிந்தது. அப்பா பஞ்சாங்கத்தை எடுத்தார். "ஆடி பொறக்கப் போகுது. ஆடியில எவனாவது புதுச்சாமான் வாங்குவானால?" என்றார். கடைக்குக் கடை ஆடித் தள்ளுபடி என்று தட்டி வைத்திருக்கிறானே, அதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "கோட்டிக்காரன் வாங்குவான்" என்றார். சரி, நாம் கோட்டிக்காரன் இல்லை.

ஆடி முடியப் போகிற நேரம், ஆகஸ்ட் 15 அன்று டெல்லி செங்கோட்டையில் பிரதமர் ஜிஎஸ்டி குறையும் என்று பேசிவிட்டார். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "கேட்டியா? அவசரப்பட்டு வாங்கியிருந்தா என்னாயிருக்கும்?" செப்டம்பர் 22 வரைக்கும் அதே பேச்சு. அன்றைக்கு டிவியில் பட்டியல் போட்டான். 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதம் 18 ஆனது. ஏசிக்கும் அதே மாதிரி. கம்ப்யூட்டருக்கு முன்னாலும் 18, பின்னாலும் 18. நான் எதுவும் பேசாமல் அப்பாவையே பார்த்தேன். மனுஷன் அசரவில்லையே! "நெய்க்குப் பன்னெண்டு அஞ்சாயிருக்குல்லா?" என்று அரைக்கிலோ வாங்கிவரச் சொல்லிவிட்டார். அம்மா கோதுமை அல்வா கிண்டினாள். கம்ப்யூட்டர் விஷயம் அந்த அல்வாவோடு வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

ஆயுத பூஜைக்குப் பழைய கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சம்பங்கிச் சரம். மறுநாள் விஜயதசமி, புதுசு வாங்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்று அப்பாவே சொல்லிவிட்டார். ஆஹா என்று கிளம்பிப் போனால் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. கடையில் ஷட்டர். அப்பாவுக்கு இது முன்கூட்டியே தெரியாது என்று நீங்கள் நம்பினால் நம்பிக்கொள்ளுங்கள். தபால் ஆபீசில் காலம் தள்ளியவருக்கு எந்தத் தேதி லீவு என்று மறக்குமா?

அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-ஐத் தலைமுழுகியது. ஆறே நாளில் தீபாவளி. இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்று பையன் தாத்தா முன்னால் உட்கார்ந்து பாடம் எடுத்தான். இனிமேல் அப்டேட் வராது, வைரஸ் வந்தால் கேட்க நாதியில்லை, விண்டோஸ் 11 இதில் ஏறாது, அதுக்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடு வேணும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேணும், நம்மிடம் இருப்பது நாலாம் தலைமுறை ஐ3.

"எட்டாம் தலைமுறையா? நம்ம சாஸ்தா கோயில் வரி நோட்டுலயே அஞ்சு தலைமுறைக்கு மேல பேர் கெடையாதுல. அவனுக்கு எட்டு கேக்குதோ?"

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்போம். இந்தப் பயல் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்கிற எண்ணத்தில், "ஆனா தாத்தா, அவங்க கணக்குல பதிஞ்சுக்கிட்டா பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஒரு வருஷம் தாராங்க. 2026 அக்டோபர் 13 வரைக்கும். துட்டு கொடுக்காமலேயே வாங்க வழி இருக்கு" என்று போட்டு உடைத்துவிட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எது சொன்னாலும் ஒரே பதில்: "2026 அக்டோபர் வரைக்கும் ஓடும்லா." கரண்ட் போனால்கூட அதைத்தான் சொல்கிறார்.

அந்தப் பழைய பெட்டிக்கு எங்கள் வீட்டில் உள்ள மரியாதை எனக்குக் கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், தாமிரபரணி மீனாட்சிபுரத்துக்குள் வந்தாள் அல்லவா? தண்ணீர் நடையைத் தாண்டித் தார்சாவுக்கு வரும்போது அப்பா முதலில் மச்சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது சிபியூவை. அடுத்து மானிட்டர். அப்புறம் கீபோர்டு, அதன் மேல் போட்டிருக்கும் துண்டு. அரிசி மூட்டையை நானும் பையனும் தூக்கினோம். "நான் முழங்கால் தண்ணியில நிக்கேன், இவரு பொட்டியத் தூக்கிட்டு ஓடுதாரு" என்று அம்மா இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொல்லாமல் இலையில் உட்காருவதில்லை.

அதை ஆன் செய்வதும் ஒரு முறை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு அப்பா குளிக்கப் போவார். குளித்து, திருநீறு பூசி, சாமி கும்பிட்டு, காபி குடித்துவிட்டு வந்து உட்காரும்போது சரியாகத் திரை வரும். எதற்காக இத்தனை பாடு என்றால், சாஸ்தா கோயில் தலைக்கட்டு வரிக் கணக்குக்காக. டைப்ரைட்டிங் தமிழ் ஹையர் பாஸ் செய்தவர் அப்பா. அந்தப் பழைய தட்டச்சு எழுத்துருவில்தான் எல்லாப் பேரும் அடித்து வைத்திருக்கிறார். ஒருமுறை பையன் அதைப் பென்டிரைவில் எடுத்துப்போய் கூட்டாளி லேப்டாப்பில் திறந்தால், மொத்தக் குடும்பமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றிருக்கிறது. எழுத்துருவை அதில் ஏற்றினால் சரியாகிவிடும், இல்லாவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று இவன் சொன்னது அப்பா காதில் ஏறவே இல்லை. "எம் மாமனாரு பேரு அரைப்புள்ளியா?" என்பதோடு சரி. ஆடி, ஜிஎஸ்டி, அக்டோபர் 13 எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இந்த அரைப்புள்ளிதான் என்று கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சரி, வாங்குவது என்றாவது வாங்குகிறோம், எது வாங்குவது? இதில் ஒவ்வொரு ஆளும் ஒரு கட்சி. பையனுக்கு கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப், கேட்டால் 'படிப்புக்கு'. மகளுக்கு மேக், கேட்டால் 'அழகா இருக்கு'. வீட்டுக்காரிக்கு ஆல் இன் ஒன், ஏனென்றால் மேசைக்கு அடியில் வயர் இருந்தால் பெருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு அசெம்பிள்தான் வேத வாக்கு, கம்பெனி பெட்டி வாங்குகிறவன் எல்லாம் அவருக்குக் கூறு கெட்டவன். அப்பாவுக்கு இப்போது இருப்பதே.

இவர்கள் போதாதென்று பெங்களூர் அத்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன். "மாப்ள, அவசரப்படாத. ஜனவரியில புது சிப் வருது. வந்தா பழசு விலை தன்னால எறங்கும்." ஜனவரியில் புது சிப் வராத வருஷம் எது? இப்படிப் பார்த்தால் எவனும் எதையும் வாங்க முடியாது. அத்தான் என்பதால் "ஆமா அத்தான்" என்றேன்.

நவம்பரில் ரேம் ஏற ஆரம்பித்தது. உலகத்துக்கே ரேம் சிப் போடுகிறவர்களில் பெரிய கை மூன்று பேர்தானாம்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மூவரும் ஏஐ சர்வர்களுக்கு உள்ள மெமரியைப் போடுவதற்குத் திரும்பிவிட்டார்கள், அதில்தான் காசு. டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்துவிட்டது. எங்கேயோ ஒருத்தன் பூனைக்குப் பட்டு வேட்டி கட்டிப் படம் கேட்பானாம், அதற்கு மீனாட்சிபுரத்துக்காரன் துட்டு கட்ட வேண்டுமாம் என்று நான் கொதித்துக்கொண்டிருக்கும்போது, போனில் 'டிங்' என்றது. அம்மா அடுக்களையில் இருந்துகொண்டே குடும்பக் குரூப்பில் காலை வணக்கம் அனுப்பியிருக்கிறாள். ஏஐ வரைந்த முருகன். வேலைப் பிடித்த கையில் ஆறு விரல்.

அப்புறம் மார்கழி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மார்கழி என்றால் மார்கழிதான்.

ஜனவரியில் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுப் பெண் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனாள். அப்பா பேரனைப் பார்த்தார், பேரன் என்னைப் பார்த்தான், நான் தனியார் கல்லூரிக்குக் கட்டிய ரசீது இருக்கும் பீரோவைப் பார்த்தேன்.

தை பிறந்து, பொங்கல் கழிந்து, போன சனிக்கிழமைதான் வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். குடும்பத்தோடு. அண்ணாச்சி 'சும்மா பாக்கதுக்கு' என்று ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். கடைத் தம்பிக்குப் பெண் பார்க்க வந்த கூட்டமோ என்று சந்தேகம் வந்திருக்கும். ஐ5, 16 ஜிபி ரேம், பழைய டிஸ்க்கைவிட வேகமாக ஓடும் 512 ஜிபி எஸ்எஸ்டி என்று பையன் சொல்லச் சொல்லக் கடைத் தம்பி எழுதி, கூட்டி, தாளை என் பக்கம் திருப்பி வைத்தான். நான் அதை மடித்து வீட்டுக்காரி கைக்குக் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரேம்தான் அண்ணாச்சி. தீபாவளிக்கு முன்ன இருந்ததுக்கு இப்ப மூணு மடங்கு. எஸ்எஸ்டியும் ஏறிட்டு. இந்தக் கொட்டேஷனும் ராத்திரி கடை அடைக்க வரைக்கும்தான். நாளைக்கு வந்து இதே வெல கேட்டா எம்மேல வருத்தப்படக்கூடாது."

"இன்னும் ஏறுமோ தம்பி?" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த ஆவலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஏறும்னுதான் சொல்லுதாங்க ஐயா. இப்ப என்ன வச்சிருக்கீங்க? நாலாம் தலைமுறையா? நல்லாத்தான இருக்கும். பேசாம அதுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டுக்கிடுங்க. பழைய டிஸ்க்க அப்படியே அதுல காப்பி பண்ணித் தாரேன். எழுத்து, கணக்கு எதுவும் மாறாது."

வியாபாரம் செய்ய உட்கார்ந்திருக்கிறவன் பேசுகிற பேச்சா இது? அப்பா எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் விசாரித்து, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரச்சொல்லி அழைப்பும் வைத்துவிட்டார்.

எஸ்எஸ்டி போட்டாயிற்று. சுவிட்சைப் போட்டு அப்பா துண்டை எடுத்துத் தோளில் போடுவதற்குள் திரை வந்து நிற்கிறது. அவருக்கு அது பிடிக்கவில்லை. "என்னல இது, குளிக்க விடமாட்டேங்கு" என்கிறார். பழக்கத்தை விடாமல் குளிக்கப் போய்விட்டு வருவதற்குள் மானிட்டர் தூங்கிவிடுகிறது. "அணைஞ்சு போச்சு, கடைக்காரப் பயலக் கூப்பிடு" என்று தினமும் காலையில் ஒரு சத்தம்.

எந்தப் பையனுக்காக ஆனியில் பேச்சு ஆரம்பித்தோமோ, அவன் இன்னும் செல்போனில்தான் ப்ரோக்ராம் அடித்துக்கொண்டிருக்கிறான். தாத்தா எழுந்தால் கொஞ்ச நேரம் பெட்டி கிடைக்கும். அப்போதும் வரிக் கணக்கை மூடக்கூடாது, ஓரமாக வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் போன். "மாப்ள, நல்லவேள வாங்கல. இப்ப உச்சத்துல இருக்கு. 2027 வரைக்கும் பொறு, எறங்கிரும்." நான் "ஆமா அத்தான்" என்று வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரி போனை வாங்கிவிட்டாள்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? மைனி நல்லா இருக்காங்களா? அன்னைக்கு வீடியோவுல பாத்தேன், உங்க மேசையில புது லேப்டாப் ஒண்ணு இருந்துச்சே, எப்ப வாங்குனீங்க?"

"அதாம்மா... போன செப்டம்பர்ல. ஆபர் போட்டிருந்தான், சரின்னு..."

"இவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அண்ணே?"

அதற்குப் பிறகு பெங்களூரில் சிக்னல் இல்லை.