சின்ன என்ஜினா, பெரிய என்ஜினா: பழைய இன்ட்ரா வாங்கிய கணக்கு

டெல்டாவில் மலை கிடையாது. திருவையாற்றில் கிளம்பி வேதாரண்யம் போய்ச் சேரும்வரை வண்டி திணறுகிற இடம் என்றால் ஆற்றுப்பாலத்து ஏற்றமும், களத்திலிருந்து ஆற்றங்கரைக்கு ஏறுகிற மண் சரிவும்தான். அதனால் பழைய பிக்கப் தேடும்போது குதிரைசக்தி பற்றிய பேச்சைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, ஒரு நடைக்கு எத்தனை மூட்டை, வருஷத்துக்கு எத்தனை நடை என்பதில் தொடங்கினோம்.

தேடியது டாடா இன்ட்ரா. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வெளியான வி10, வி30 இரண்டையும் எடுத்துக்கொண்டோம். வி10 என்றால் 798 சிசி, இரண்டு சிலிண்டர், 110 நியூட்டன் மீட்டர் இழுவை. வி30 என்றால் 1,496 சிசி, நான்கு சிலிண்டர், 140 நியூட்டன் மீட்டர். சிசி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் இழுவை கால் பங்குக்குச் சற்று மேல்தான் கூடுதல். சுமை சின்னதுக்கு 1,000 கிலோ, பெரியதுக்கு 1,300 கிலோ. இதைவிடப் பெரிய பிக்கப்புகளைத் தொடவில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். தாண்டினால் அந்த அலைச்சலும் சேர்ந்துவிடும்.

1,000 கிலோ என்பதை அப்படியே மூட்டையாக மாற்றக் கூடாது. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் மொத்த எடை, வெறும் வண்டி எடை என்று இரண்டு எண் இருக்கும். கழித்து வருவதில்தான் ஓட்டுபவரும் கூட வரும் ஆளும் அடக்கம். இரண்டு பேருக்கு 130 கிலோ போனால் சின்னதில் 870, பெரியதில் 1,170. விவசாயி கட்டும் 60 கிலோ மூட்டையில் அது 14-உம் 19-உம். (கொள்முதல் நிலையத்தில் பிடிப்பது 40 கிலோ சிப்பம், இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கே தப்பாகிவிடும்.)

சம்பா அறுவடையில் 12 டன் நெல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 200 மூட்டை. சின்னதில் 15 நடை, பெரியதில் 11 நடை. மொத்த அறுவடைக்கும் நான்கு நடைதான் வித்தியாசம்! மற்ற மாதங்களில் ஏறுவது உரமும் வாழைத்தாரும் வைக்கோலும். தாரும் வைக்கோலும் எடைக்கு முன்னால் பாடியை நிரப்பிவிடும். அதற்குப் பெரிய என்ஜின் தேவையே இல்லை.

டீசலையும் போட்டுப் பார்த்தோம். லிட்டருக்குச் சின்னது 17, பெரியது 14 தருவதாக வைத்து, போக வர 40 கிலோமீட்டர். 14 மூட்டைக்குச் சின்னது 2.35 லிட்டர், பெரியது 2.86, அரை லிட்டர்தான் மிச்சம். அதே 19 மூட்டை என்றால் சின்னது இரண்டு நடை அடித்து 4.7 லிட்டர் குடிக்கும், பெரியது ஒரே நடையில் முடித்துவிடும். ஆகவே சொந்த வயலுக்கு மட்டும் என்றால் சின்னது, வாடகைக்கும் ஓட்டுவதென்றால் பெரியது என்று முடிவு செய்தோம். வாடகைக்குக் கூப்பிடுபவர் 14 மூட்டையோடு நிறுத்தச் சொல்ல மாட்டார். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

எங்கள் தேவை சொந்த வயல்தான், அதனால் வி10 தேடிப் போனோம். அங்கேதான் கணக்கு மாறியது. சந்தைக்கு வரும் சின்ன என்ஜின் வண்டிகளில் பல, ஒன்றரை டன் சுமந்து களைத்தவை. பாரம் கூடும்போது இரண்டு சிலிண்டர் என்ஜின் பாலம் ஏறத் தாழ்ந்த கியரில், உச்ச ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் ஆயில் கெடும், டர்போவும் பிஸ்டன் ரிங்கும் தேயும். அதிர்வும் அதிகம் என்பதால் என்ஜின் மவுண்ட் ரப்பர் பிளக்கும், சைலன்சர் பிடிமானம் விரியும்.

அதிக பாரம் ஏற்றிய வண்டியை முதலில் கீழே குனிந்து பார்த்தாலே தெரியும். பின் ஸ்பிரிங்கில் துருப்பிடித்த பிளேட்டுகளுக்கு நடுவே கறுப்பாக, புதிதாக ஒரு பிளேட் தெரிந்தால் பாரத்துக்காகச் சேர்த்தது. கேபினுக்குப் பின்னால் சேசிஸில் வெல்டிங் தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நாகை, வேதாரண்யம் பக்கம் மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் தண்ணீர் வடிந்த இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். பொருக்கு உதிர்ந்தால் இரும்பு போய்விட்டது. வெள்ளத்தில் நின்ற வண்டியில் சீட்டுக்கு அடியிலும் சேசிஸ் குறுக்குச் சட்டத்தின் உட்புறத்திலும் வண்டல் காய்ந்து ஒட்டியிருக்கும், ஒயர் கனெக்டரில் பச்சை பூத்திருக்கும், கியர் ஆயில் பால் நிறத்தில் வரும்.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நாம் போகும்முன் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் போங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயின்மேல் உள்ளங்கையைப் பிடியுங்கள். லேசான மூச்சு மாதிரி காற்று வந்தால் சரி. குப் குப் என்று புகையோடு தள்ளி, கையில் ஆயில் துளி படிந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் அளவைப் பார்க்காமல் பேரம் பேச வேண்டாம். இன்ஜெக்டர் மாற்ற நேர்ந்தால் சின்னதில் இரண்டு, பெரியதில் நான்கு. பெரிய என்ஜினின் உண்மையான செலவு டீசலைவிட இதில்தான்.

கிளட்சுக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் மெதுவாக விடுங்கள். என்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் கிளட்ச் வழுக்குகிறது. பிறகு பத்து மூட்டை ஏற்றி, ஆற்றங்கரைச் சரிவில் நடுவழியில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பாருங்கள். வெறும் வண்டியில் நேர் ரோட்டில் ஓட்டிக்காட்டுவது எதையும் சொல்லாது. திரும்பும்போது 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் பின் அச்சு ஹவுசிங்கிலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் உள்ளே கிரவுன் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது.

இப்படிப் பார்த்து முடித்தபோது தேறியது ஒரு வி30. ஸ்பிரிங் கம்பெனியில் வந்தபடியே இருந்தது, மூடியைத் திறந்தால் மூச்சுக்காற்றுதான். களைத்த சின்ன என்ஜினைவிடக் களைக்காத பெரிய என்ஜின் மேல் என்று எடுத்துக்கொண்டோம். நடைக்கு அரை லிட்டர் கூடுதல் செலவைத் தெரிந்தேதான் ஏற்றோம். ஒரு கவனம் வேண்டும்: பிஎஸ்-6 டீசலை இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டி ஓட்டி நிறுத்தினால் புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தில் கரி அடையும். வாரம் ஒருமுறையாவது கும்பகோணம், தஞ்சாவூர் என்று நீளமாக ஓட விடுகிறோம்.

பேப்பர் வேலை: பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, வண்டிமேல் கடன் இருந்திருந்தால் அதை நீக்கப் படிவம் 35. நிலுவை அபராதத்தைப் பரிவாகன் தளத்தில் பாருங்கள். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள். எஃப்.சி. என்ற தகுதிச் சான்று முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷாவருஷம்.

ஆயிலும் ஃபில்டர்களும் மாற்றியபின் முதல் லோடுக்கு 19 மூட்டை ஏற்றி எடை மேடையில் நிறுத்தினோம். எடை சரியாக வந்ததும், பின் டயருக்கு மேலே பாடி எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து மட்கார்டில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டோம். மூட்டை ஏற்றுகிறவர்கள் இப்போது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள்.