இரண்டு வரி மாற்றம்

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. 22ஆம் தேதி திங்கட்கிழமை புதிய விகிதங்கள் அமலுக்கு வந்தன. கடை பில்லிங் மென்பொருளில் வேலை பார்க்கும் எங்களுக்கு அந்த இடைவெளி போதவில்லை.

வரி அட்டவணையை மாற்றுவது எளிது. சிக்கல் விற்ற பொருளைத் திரும்ப வாங்கும் ரிட்டர்னில் இருந்தது. 12 சதவீத வரியோடு வாங்கிய பொருளை 22க்குப் பிறகு ஒருவர் திருப்பிக் கொடுத்தாலும், பணம் திருப்பக் கடை கொடுக்கும் கிரெடிட் நோட்டில் பழைய 12தான் வரவேண்டும். எங்கள் திரையோ திருப்பும் நாளின் விகிதத்தை, அதாவது புதிய 5ஐ, எடுத்தது. 112 ரூபாய் கொடுத்தவருக்கு 105தான் திரும்பும்.

அமலுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை பெங்களூரு பெல்லந்தூர் அலுவலகத்தில் இதைக் கண்டுபிடித்தவன் டீமிலேயே இளையவன், திருநெல்வேலிப் பையன். "ரெண்டே வரி கோட்தான்ணா. பில் தேதியைப் பார்த்து ரேட் எடுத்தா போதும்" என்றான். ஞாயிறு இரவு ரிலீஸுக்காகக் கோட் ஃப்ரீஸ் ஆகிவிட்டிருந்தது, இனி யாரும் அதைத் தொடக்கூடாது. எக்ஸ்சேஞ்ச், பாயின்ட்ஸ், மாத அறிக்கை எல்லாமே ரேட் எடுக்கும் அந்த ஒரே ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகின்றன. மாற்றத்தால் வேறெதுவும் உடைகிறதா என்று பார்க்கும் ரெக்ரஷன் டெஸ்ட்டை மறுபடி ஓட்ட நேரமில்லை. வேண்டாம் என்றேன். சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடு, அடுத்த ரிலீஸில் எடுப்போம். அதுவரை பழைய பில்களைக் கடைகளில் கையால் பார்த்துக்கொள்ளட்டும்.

நைட் கேப்பிட்டல் கதையையும் சொன்னேன். 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம், புது கோட் ஏற்றியதில் பிசகு, முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலர் நஷ்டம். அவனுக்கும் தெரிந்திருந்தது. "அங்க எட்டு சர்வர்ல ஒண்ணுல பழைய கோட் தங்கிப்போனதாலதானே அண்ணா? நாமளும் பழசைத்தானே விட்டுவைக்கிறோம்?" அப்புறம் மெதுவாக, "தப்புன்னு தெரிஞ்சே அனுப்புறோமே" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தெரிந்த தப்பு என்றால் கடைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு தெரியாமல் நுழைவதை யாருக்கு என்னவென்று சொல்வது? இன்றும் அதை நம்புகிறேன். ஆனால் சொல்லிவைத்தது எங்கள் வசதி. நவராத்திரிக் கூட்டத்தில் ஒவ்வொரு பழைய பில்லுக்கும் கால்குலேட்டர் தட்டியது கவுண்டரில் நின்ற பெண்கள். ஒரு மாற்றம் எதையெல்லாம் பாதிக்கும் என்று நிரப்பும் இம்பாக்ட் அனாலிசிஸ் படிவத்தில் அவர்களுக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

அடுத்த ரிலீஸில் அந்த இரண்டு வரி எல்லா டெஸ்ட்டையும் தாண்டிப் போனது. ஒன்றும் உடையவில்லை. சனிக்கிழமை அது யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மைதான். அவனுக்கு மட்டும் தெரிந்திருந்ததோ என்றும் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் எதையாவது கண்டுபிடித்தால் அவன் என் இடத்துக்கு எழுந்து வருவதில்லை, டிக்கெட் போட்டுவிடுகிறான். முறைப்படி அது சரிதான். எனக்குத்தான் ஒப்பவில்லை.