வலிக்காத கால்

சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்கும் அறையில் நர்ஸாக இருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். காலை ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னதும் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். "ஐயோ, என் காலையெல்லாம் நீ தொடக் கூடாது தாயி!" வீட்டிலும் இதே கூச்சம்தான். மாத்திரை தீர்ந்துபோனால் மகனிடம் சொல்கிறவர்கள், பாதத்தை மட்டும் காட்ட மாட்டார்கள். தாங்களே பார்க்கலாம் என்றால் குனிய முடியாது, கண்ணும் சரியாகத் தெரியாது. கடைசியில் அந்தக் காலை யாருமே பார்ப்பதில்லை.

சர்க்கரை நோயில் பாதம் உணர்ச்சியில்லாமல் மரத்துப்போகலாம். அதைச் சோதிக்க எங்களிடம் மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை உண்டு. 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு கட்டைவிரல், அதன் கீழ் மேடு என்று ஒவ்வோர் இடமாக அழுத்துவேன். தெரிந்தால் "ஆமா" சொல்ல வேண்டும். ஒரு பெரியவர், பாதி முடிந்த பிறகு, "எப்பம்மா ஆரம்பிப்பே?" என்று கேட்டார். அவர் செருப்பை வாங்கி உள்ளே தடவிப் பார்த்தேன். தைத்த இடத்தில் ஒரு சின்ன ஆணியின் முனை விரலில் குத்தியது. நேர் மேலே, அவர் பாதத்தில் புண். "வலிக்கவே இல்லையே" என்றார்.

வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் பால் பிராண்ட் அழுத்திச் சொன்னது இதைத்தான்: உணர்ச்சி போனதால் படுகிற காயங்கள்தான் கைகால்களைச் சிதைக்கின்றன. அந்த நோயாளிகளுக்குக் கொடுத்துவந்த எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார்) என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் எழுதிக் கொடுக்கிறோம். வாங்கியும் விடுகிறார்கள். ஆனால் வாசலிலேயே கழற்றிவிடுகிறார்கள். வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி வேண்டும்.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வயதானால் குதிகாலின் கொழுப்பு மெலியும், தோல் வறளும், நகம் தடிக்கும், பாதம் அகலும். பழைய அளவிலேயே செருப்பு கேட்காமல், கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். எனக்குக் கோபமே வருவது கால் ஆணியை பிளேடால் சீவிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான். கால் ஆணி மேல் ஒட்டுகிற கார்ன் கேப் பிளாஸ்திரியும் அப்படித்தான். அதிலுள்ள ஆசிட், மரத்த காலில் நல்ல தோலையும் அரித்துவிடும்.

அப்புறம் கோயில். சித்திரை மாத உச்சிவெயிலில் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் என்றால் கேட்கவே வேண்டாம். போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை, அது அவர்கள் மனசு சம்பந்தப்பட்டது. பிராகாரம் சுற்றுவதை வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். கிரிவலத்துக்கு முன் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். எங்கே போய் வந்தாலும் பாதத்தைக் கழுவித் துடைத்து, தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சிவப்பாகவோ கொப்புளமாகவோ ஏதாவது இருந்தால், மறுநாளே எங்களிடம் வந்துவிடுங்கள், வலிக்காவிட்டாலும்.