சோணையும் முன்கூடமும்: இதய அறைகள் குறித்த நாட்குறிப்பு

ஜூலை 7

இலங்கைப் பாடநூல்களில் இதயத்தின் மேலறைக்குச் சோணையறை என்று பெயர். காதுச்சோணையில் வரும் அதே சோணைதான். இலத்தீனில் ஆரிகுலா என்றாலும் சின்னக் காதுதான். தமிழ்நாட்டு நூல்களில் ஆரிக்கிள், ஏட்ரியம் இரண்டும் ஒரே அறையைக் குறிக்க வருவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். பழைய ஆங்கில நூல்களில் மேலறை முழுவதுமே ஆரிக்கிள். 1895இல் பாசெல் நகரில் ஏற்கப்பட்ட உடற்கூற்றுப் பெயர்ப்பட்டியலில் அறை ஏட்ரியம் ஆனது. அதிலிருந்து நீளும் மடலுக்கு மட்டும் ஆரிகுலா நின்றது. ரோமானியர் வீட்டில் நுழைந்ததும் வரும், நடுவே கூரை திறந்த முன்கூடம்தான் ஏட்ரியம். சிரைகள் வழியாக வரும் இரத்தம் முதலில் வந்து சேரும் இடத்துக்கு மிகப் பொருத்தமான பெயர்.

ஜூலை 8

கீழறையின் பெயரான வெண்ட்ரிக்கிள் என்பது இலத்தீனில் சிறு வயிறு. மூளைக்குள் உள்ள அறைகளுக்கும் இதே பெயர்.

ஜூலை 10

செய்முறைக்குச் செம்மறியாட்டு இதயம். நுரையீரலோடு சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். தனியாக வாங்கினால் கடையில் குழாய்களை ஒட்ட நறுக்கும்போது மேலறையின் பின்சுவரும் போய்விடும். மடல் மட்டும் மிஞ்சும். மாணவர்கள் அதையே அறை என்று வரைந்துவிடுவார்கள்.

உறைந்த இரத்தத்தைக் குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, இரு பக்கமும் அமுக்கிப் பாருங்கள்: கெட்டியாக இருப்பது இடது. அதன் கீழறைச் சுவர் வலதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். மேற்பெருஞ்சிரைக்குள் விரலை விட்டுக் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வெளியே எடுத்து, அந்த வழியிலேயே கத்தரியை ஓட்டினால் வலது மேலறை முழுசாகத் திறக்கும். பின்சுவர் வழவழப்பு. கருவில் சிரைகள் வந்து சேரும் சிரைப்பை உள்வாங்கப்பட்டு உருவான பகுதி அது. முன்பக்கம் சீப்புப் பற்கள்போல வரிவரியான தசை. இரண்டுக்கும் நடுவே ஒரு முகடு ஓடும். விரலால் தடவினாலே தெரியும்.

இதயத் தசையின் இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரையான கரோனரி சைனஸின் வாயை மூன்றாவது பெருஞ்சிரை என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டில் மார்புச் சுவரிலிருந்து வரும் இடது அசைகஸ் சிரையும் அதில் வந்து சேர்வதால் வாய் அகன்றிருக்கும்.

ஜூலை 12

இடது மேலறையில் வழவழப்பே அதிகம். நுரையீரல் சிரைகள் உள்வாங்கப்பட்டு உருவானது. வரித்தசை பெரும்பாலும் மடலுக்குள்தான். மனித இதயத்தில் வலது மடல் அகன்ற முக்கோணம். இடது மடலோ வாய் குறுகி, விரல்போல வளைந்தது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது இந்த இடது மடலில் இரத்தம் தேங்கி உறையும். உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். மார்பின் மேல் கருவியை வைத்து எடுக்கும் எக்கோவில் (மீயொலிப் படத்தில்) இந்த மடல் சரியாகத் தெரியாது. அதனால்தான் உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கிப் பார்க்கிறார்கள்; இடது மேலறைக்கு நேர் பின்னால்தான் உணவுக்குழாய் போகிறது.