தோசைக்கல் வைத்த வளையம்

குன்னூரில் இன்று பார்த்த வெள்ளைக் குவார்ட்ஸ் சமையல் மேடை. நடுவில் தோசைக்கல் அளவுக்கு ஒரு மஞ்சள் வளையம். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில் சுற்றியிருந்த பளபளப்பும் போயிருந்தது.

அது கறையே இல்லை. சூடு.

இந்தப் பலகையில் எடைக்குச் சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ். அதைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற செயற்கைப் பிசின். குவார்ட்ஸ் சூட்டைத் தாங்கும், ரெசின் 150 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கெடத் தொடங்கும். கருகிய ரெசின் எந்தச் சோப்புக்கும் பழைய நிறத்துக்குத் திரும்பாது.

நீலகிரியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உறைபனிக் காலத்து விடியலில் மேடை ஐஸ் மாதிரி கிடக்கும். அதன்மேல் கொதிக்கும் சட்டியை இறக்கினால் அந்த இடம் மட்டும் விரியும். சிங்க்குக்காக வெட்டிய மூலையில் விரிசல் விடும்.

ஒரு பிரிமணை போதுங்க.

மஞ்சள்தூள், டீக் கறைக்கு: சமையல் சோடா 2 ஸ்பூன், தண்ணீர் 1 ஸ்பூன் குழைத்துப் பூசி 10 நிமிடம் விடுங்கள். மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்து, கழுவி, ஈரம் போக ஒற்றுங்கள். தினமும் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு.

இரும்பு நார், ஆசிட், பிளீச் வேண்டவே வேண்டாம்.

சீலர் (கறை உறிஞ்சாமல் காக்கும் பூச்சு) அடிக்கணும் என்று யாராவது சொன்னால், அது கிரானைட்டுக்கு. குவார்ட்ஸுக்குத் தேவையில்லை.